பழைய மெக் பிரஸ், பழைய காகிதக் கூடு: ரவைத் தோட்டா நிரப்ப எங்கிருந்து தொடங்குவது?

3 ஏப்ரல், மாலை. கேள்வி: வெருலம் (தென்னாப்பிரிக்கா, டர்பன் அருகே)

மாமாவின் ஷெட்டைக் காலி செய்ததில் ஒரு பெட்டி என் கைக்கு வந்தது. உள்ளே இருப்பவை: தோட்டா நிரப்பும் மெக் 600 ஜூனியர் பிரஸ் ஒன்று, மேசையில் மாட்டிக் கையால் சுற்றும் டிக்சன் மடிப்புக் கருவி, "3 டிராம்" என்று பொறித்த பித்தளைக் கரண்டி, மஞ்சள் காகிதத் தோட்டாக் கூடுகள் ஒரு பை, 209 பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) சில பெட்டி, மருந்துக்கும் ரவைக்கும் நடுவே வைக்கும் கெட்டித் தக்கை, லேபிள் போன ஒரு வெடிமருந்து டப்பா. துப்பாக்கி 12 போர் (குழல் துளை அளவு), இங்கிலாந்து இரட்டைக்குழல், லைசென்ஸ் என் பெயருக்கு மாறிவிட்டது. கரண்டி நிறைய மருந்து, மேலே 1⅛ அவுன்ஸ் ரவை (சிறு ஈயக் குண்டுகள்) என்பதுதான் பழைய கணக்கு என்கிறார்கள். குளிர்காலம் வருவதற்குள் தயார் செய்துவிடலாம்தானே?

3 ஏப்ரல், இரவு. பதில்: மாரிட்ஸ்பர்க்

தம்பி, அந்தக் கரண்டியைத் தனியே எடுத்து வையுங்கள். டப்பாவைத் திறக்க வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

டிராம், புகை கக்கும் பழைய கருமருந்துக் காலத்து அளவு. 1 டிராம் 27.34 கிரெயின் (கிரெயின் ஒரு சிறு எடை), அதனால் 3 டிராம் கருமருந்து 82 கிரெயின். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் புகையில்லா மருந்தில் வேகமாக எரியும் ரகம் என்றால், 12 போரில் 1⅛ அவுன்ஸ் ரவைக்கு 20 கிரெயினுக்கும் குறைவாகத்தான் போகும். அதே கரண்டியை அதே மருந்தால் நிரப்பினால் தேவைக்கு இரண்டு மடங்குக்குக் குறையாமல் விழும், நெருக்கமான உருண்டை ரகம் என்றால் இன்னும் கூட. குழலின் பின்பகுதி பிளந்துகொண்டு இடது கையோடு போகும்.

புதுப் பெட்டிகளிலும் "3 டிராம் ஈக்விவலன்ட்" என்று போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். 3 டிராம் கருமருந்து அந்த ரவையைத் தள்ளிய வேகத்தில் இந்தத் தோட்டாவும் தள்ளும் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. உள்ளே எத்தனை கிரெயின் இருக்கிறது என்று அது சொல்லாது.

4 ஏப்ரல். மாரிட்ஸ்பர்க்

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், லேபிள் இல்லாத டப்பா என்பதால். கருமருந்துக்கும் இன்றைய மருந்துக்கும் நடுவில் ஒரு மூன்றாம் இனம் இருந்தது. ஷுல்ட்சே, ஈ.சி. போன்ற பெயர்களில் வந்த "பல்க்" மருந்து. புகை குறைவு, ஆனால் கருமருந்துக் கரண்டியாலேயே அளக்கும்படி செய்தது. 3 டிராம் கரண்டியில் அது 42 கிரெயின் எடை நிற்கும். பழைய தோட்டாக்களில் "42 கிரெயின்", "33 கிரெயின்" என்று அச்சிட்டிருப்பது இந்த இனத்தைத்தான். அதே காலத்தில் நோபலின் பாலிஸ்டைட்டும் இருந்தது. அது 1887-இல் காப்புரிமை பெற்ற நெருக்கமான மருந்து, சிறிது போதும். ஆக ஒரே அலமாரியில் மூன்று இனம், மூன்று அளவு. நிறத்தைப் பார்த்தோ துகளைப் பார்த்தோ எது எது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

லேபிள் இல்லாத மருந்து மருந்தே அல்ல. லேபிள் இருந்து டப்பா உள்ளே துருப்பிடித்திருந்தால், மூடியைத் திறந்ததும் புளித்த காடி நெடி மூக்கில் ஏறினால், செங்கல் பொடி போல் தூசு தெரிந்தால், அதுவும் கெட்டதுதான். நல்ல மருந்தில் லேசான ஈதர் வாசனை வரும். உங்கள் டப்பாவை வெயில் படாத இடத்தில், வீட்டுக்கு வெளியே வைத்து, எப்படி ஒப்படைப்பது என்று துப்பாக்கிக் கடையிலோ போலீஸிலோ கேளுங்கள்.

4 ஏப்ரல். டோங்காட்

அண்ணன் மருந்தைச் சொன்னார், நான் துப்பாக்கியைச் சொல்கிறேன். பிரஸ்ஸைத் தொடும் முன் குழலைக் கழற்றி அடிப்பக்கத்து முத்திரைகளைப் படியுங்கள். பர்மிங்ஹாம் அல்லது லண்டன் சோதனைச்சாலை முத்திரை இருக்கும். பக்கத்தில் "2½" இருந்தால் அறை (தோட்டா உட்காரும் இடம்) நீளம் 65 மி.மீ., "2¾" என்றால் 70 மி.மீ. "1⅛" என்று தனியாக இருந்தால் சோதித்த காலத்தில் அதற்கு ஏற்ற ரவை எடை.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கூட்டின் மேல் எழுதியிருக்கும் 70 மி.மீ. சுட்ட பிறகு, வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். நட்சத்திர மடிப்பு (கூட்டின் வாயை நட்சத்திரம் போல் மடித்து மூடுவது) போட்ட பிறகு அது 58 மி.மீ. அளவுக்குக் குறுகிவிடும், அதனால் 65 மி.மீ. அறைக்குள் சுகமாக உட்காரும். பொருந்துகிறதே என்று சுட்டால் வாய் விரிய இடமில்லாமல் முன்னால் குறுகும் கழுத்துக்குள் போய் நெருக்கும், அழுத்தம் ஏறும். தோட்டா உள்ளே போகிறது என்பது பொருத்தத்துக்குச் சாட்சி இல்லை.

குழலில் சுருள் சுருளாகக் கோடு ஓடினால் டமாஸ்கஸ், அதாவது பட்டைகளை முறுக்கி ஒட்டிச் செய்த பழைய குழல். அதைத் துப்பாக்கி ஆசாரியிடம் காட்டாமல் எதையும் போட வேண்டாம். எஃகுக் குழலாக இருந்தாலும் அறையை அளவுக் கம்பி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முத்திரை குத்திய பிறகு யாராவது அறையைக் குடைந்து நீட்டியிருக்கலாம். பழைய குழலில் எஃகு ரவை கூடாது, ஈயம் மட்டும்.

6 ஏப்ரல். வெருலம்

நன்றி அண்ணே. "2½" இருக்கிறது. டமாஸ்கஸ் இல்லை. டப்பாவைத் திறக்கவில்லை. பிரஸ்ஸாவது ஓடுமா?

6 ஏப்ரல். மாரிட்ஸ்பர்க்

ஓடும். மெக் 600 ஜூனியர் அமெரிக்காவின் விஸ்கான்சினில் செய்த இரும்பு வேலை. ஒரு தோட்டாவுக்கு ஐந்து நிலையம், ஒவ்வொன்றிலும் ஒரு இழுப்பு: பழைய பிரைமரைத் தள்ளி அடிப்பித்தளையை அளவுக்குக் கொண்டுவருவது, புதுப் பிரைமர் ஏற்றுவது, மருந்து-தக்கை-ரவை, மடிப்புக்குத் தொடக்கம், மடிப்பு முடித்தல். இரும்பு தேய்ந்து கெட்டுப்போவது அரிது. கெடுவது ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான்.

முதலில் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பழைய கிரீஸைக் கரைத்து எடுங்கள். மருந்தையும் ரவையையும் அளந்து விடும் தள்ளு பட்டையான பாரைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஆழக் கீறல் இருந்தால் மருந்துத் துகள் கசிந்து, பார் நடுவில் முட்டி நிற்கும். மருந்து, ரவை நிரப்பும் பாட்டில்கள் உட்காரும் ரப்பர் வளையம் இறுகிப் பிளந்திருந்தால் மாற்றுங்கள், இன்னும் விற்கிறார்கள். மருந்து ஓடும் எந்த இடத்திலும் எண்ணெய் கூடாது.

பாருக்குள் எண் பொறித்த சிறிய புஷ் (துளையுள்ள வளையம்) இருக்கும். அதன் துளை அளவுதான் மருந்து அளவு. எந்தப் புஷ் எந்த மருந்தை எத்தனை கிரெயின் போடும் என்று அட்டவணை உண்டு, ஆனால் அதைத் தோராயம் என்றே கொள்ளுங்கள். பெரும்பாலும் அட்டவணையில் இருப்பதைவிடக் குறைவாகவே விழும். புஷ் எண்ணை நம்பிச் சுடுபவர் தராசு வாங்காதவர் என்றுதான் பொருள்.

7 ஏப்ரல். மாரிட்ஸ்பர்க்

நேற்று தராசு என்று சொல்லி நிறுத்திவிட்டேன், எந்தத் தராசு என்று சொல்கிறேன். கிரெயினில் பத்தில் ஒரு பங்கு காட்டும் தண்டுத் தராசு போதும், பழையதானாலும் சரி. சோதனை எடைக்கல் ஒன்று கூடவே வாங்குங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு எடை போடுங்கள்.

பாட்டிலை நிரப்பியதும் விழும் முதல் ஐந்து வீச்சை (ஒரு தள்ளலில் விழும் மருந்து ஒரு வீச்சு) திரும்பப் பாட்டிலிலேயே கொட்டுங்கள், அதற்குள் மருந்து படிந்துவிடும். பிறகு பத்து வீச்சைச் சேர்த்து எடை போட்டு பத்தால் வகுங்கள். அதோடு ஐந்தாறு வீச்சைத் தனித்தனியாகவும் போட்டு, உச்சத்துக்கும் தாழ்வுக்கும் எத்தனை வித்தியாசம் என்று பாருங்கள். வெறும் பிரஸ்ஸில் எடை போட்டால் ஒரு கணக்கு வரும். உண்மையில் தோட்டா நிரப்பும்போது கைப்பிடியின் அதிர்வால் மருந்து இன்னும் இறுகி அளவு கூடும். அதனால் பிரைமர் ஏற்றுவது முதல் எல்லா இழுப்பையும் வழக்கம் போலச் செய்து, அந்த வேகத்திலேயே விழுந்த மருந்தைத்தான் எடை போட வேண்டும்.

வேலை முடிந்ததும் மருந்தை அதன் சொந்த டப்பாவுக்கே திருப்புங்கள். பாட்டிலில் விட்டால் பிளாஸ்டிக்கை அரித்துவிடும், அதைவிட முக்கியம், அடுத்த வாரம் அது என்ன மருந்து என்று மறந்துபோகும். மேசையில் ஒரே நேரத்தில் ஒரே டப்பா.

7 ஏப்ரல், இரவு. டோங்காட்

காகிதக் கூட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்பவர்கள் உண்டு, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றாகப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பித்தளைக்கு மேலே ஊசித்துளை, கருகல், வாயில் நார் பிரிதல், இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் குப்பை. பித்தளையில் பச்சைப் பாசி இருந்தாலும் குப்பை. மிஞ்சியதில் வாய் மட்டும் தளர்ந்திருந்தால், கூம்புக் கட்டையைச் சூடாக்கி உள்ளே விட்டுத் திருகி வாயை நேராக்கி, உருகிய பாரஃபின் மெழுகில் 6 மி.மீ. முக்கி எடுத்தால் இன்னொரு முறை சுருட்டு மடிப்பு (வாய் விளிம்பை உள்ளே சுருட்டுவது) தாங்கும்.

அடிப்பித்தளையில் "ஐ.சி.ஐ." இருந்தால் 1926-க்குப் பிந்தியது, அந்த நிறுவனம் அந்த ஆண்டில்தான் உருவானது. அதற்கும் முந்திய ஈலி, கைனாக் என்ற இங்கிலாந்து நிறுவனங்களின் கூடுகளைச் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள், அவற்றைச் சுட வேண்டாம். (டர்பனுக்குத் தெற்கே அம்போகிண்ட்வினியில் கைனாக் ஆலை இருந்ததே என்று சிலர் கேட்பார்கள். அது சுரங்கத்துக்கு வெடிமருந்து செய்த இடம், ரவைத் தோட்டாவுக்காக வந்ததல்ல.)

8 ஏப்ரல். மாரிட்ஸ்பர்க்

டோங்காட் சொன்னது சரி, ஒரு நிபந்தனையோடு. கடற்கரை ஓரத்தில் இருந்த காகிதக் கூடு ஈரம் குடித்து ஊதியிருக்கும். வெருலத்திலும் டர்பனிலும் கோடை முழுக்க காற்றில் தண்ணீர்தான். ஊதிய கூட்டில் தோட்டா செய்து வைத்தால், செய்த அன்று அறைக்குள் போகும், மூன்று மாதம் கழித்துப் போகாது. சுட்ட பிறகு வெளியே வராமல் அடம் பிடிக்கும். வெயிலில் காய வைப்பதால் பயனில்லை, மெழுகுதான் உருகும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு இரண்டு வாரம் வைத்து, பிறகு ஒவ்வொன்றையும் உங்கள் துப்பாக்கியின் இரண்டு அறையிலும் போட்டுப் பாருங்கள். தானாக விழுந்து, தானாக வெளியே வர வேண்டும்.

தொடங்குகிறவருக்கு என் பரிந்துரை வேறு. காகிதக் கூட்டை மூன்றாம் பருவத்துக்கு வைத்துக்கொண்டு, இப்போது ஒரே மாதிரியான பிளாஸ்டிக் கூடு ஒரு பெட்டி சேருங்கள். 65 மி.மீ. அல்லது 67.5 மி.மீ. கூடு, எது என்று ஆசாரி அளந்து சொன்ன பிறகு.

ஒரே மாதிரி என்று அழுத்திச் சொல்கிறேன், காரணம் உண்டு. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே சிவப்பு. உள்ளே சிலது ஒரே வார்ப்பில் அடிநோக்கிக் குறுகும், சிலது நேர்க்குழாயாக இருந்து அடியில் தனியாகச் செருகிய தக்கை கொண்டது. அடித்தக்கை உயரமானால் உள்ளிடம் குறையும், அதே மருந்தும் அதே தக்கையும் அதிக அழுத்தம் தரும். அச்சிட்ட ஒவ்வொரு அளவும் ஒரு கூடு, ஒரு பிரைமர், ஒரு தக்கை, ஒரு மருந்து, ஒரு ரவை எடை என்ற ஐந்தும் சேர்ந்த கட்டு. அதில் ஒன்றை மாற்றினால் அது வேறு தோட்டா. பிரைமரை மட்டும் மாற்றியதிலேயே அழுத்தம் கணிசமாக ஏறும்.

9 ஏப்ரல். வெருலம்

அப்படியானால் அந்த 209 பிரைமர்? பெட்டி மூடியே இருக்கிறது.

9 ஏப்ரல். மாரிட்ஸ்பர்க்

பெட்டி காய்ந்து, பிரைமர் பளபளப்பு குறையாமல் இருந்தால் பெரும்பாலும் வெடிக்கும். ஆனால் இன்றைய அளவுப் புத்தகத்தில் உள்ள பிரைமரும் அதுவும் ஒரே சூடு என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, ஐந்தும் சேர்ந்த கட்டு என்று நேற்றுச் சொன்னது இதற்கும் பொருந்தும். புதுப் பிரைமர் வாங்குங்கள்.

பழசில் வேறு சிக்கலும் உண்டு. ரெமிங்டனின் பழைய காகிதக் கூடுகளில் 57 என்ற சிறிய பிரைமர் போகும். அதில் 209-ஐத் திணித்தால் குழி விரிந்து, பிறகு எதுவும் நிற்காது. மிகப் பழைய பிரைமர்களில் குளோரேட் உண்டு. சுட்டதும் உப்பு படியும், நம் கடற்காற்றில் ஒரே இரவில் குழல் துருப்பிடிக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, பிறகுதான் எண்ணெய்.

பிரைமரைக் கண்ணாடிக் குப்பியில் கொட்டி வைக்கவே கூடாது. ஒன்று வெடித்தால் எல்லாம் வெடிக்கும். வாங்கிய தட்டிலேயே இருக்கட்டும்.

10 ஏப்ரல். டோங்காட்

சட்டம் ஒரு வரி, பிறகு கேட்க வேண்டாமே என்று. தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் எண் 60. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ஒன்றுக்கு 200 தோட்டா, 2400 பிரைமர் வரை. சங்கத்தின் மூலம் "டெடிகேட்டட்" வேட்டைக்காரர், விளையாட்டுச் சுடுநர் என்ற தகுதி இருந்தால் 200 வரம்பு பொருந்தாது. லைசென்ஸ் இல்லாத போருக்குத் தோட்டா செய்யாதீர்கள், செய்ததை விற்காதீர்கள்.

மாமா பெட்டியில் 20 போர் கூடு ஏதாவது கலந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 20 போர்த் தோட்டா 12 போர் அறையில் நழுவி, குழலின் கழுத்தில் போய் நின்றுவிடும். குழல் காலி என்று நினைத்து 12 போர்த் தோட்டாவைப் பின்னால் போட்டுச் சுட்டால் குழல் சிதறும். இரண்டும் ஒரே மேசையில், ஒரே சட்டைப் பையில் இருக்கக் கூடாது.

12 ஏப்ரல். மாரிட்ஸ்பர்க்

தக்கைக்கு வருவோம். பழைய முறையில் நான்கு அடுக்கு: மருந்தின் மேல் 3 மி.மீ. கெட்டி அட்டை, அதன்மேல் அரை அங்குல நார்த் தக்கை, பிறகு ரவை, கடைசியில் மெல்லிய மேலட்டை. நட்சத்திர மடிப்பு என்றால் மேலட்டை தேவையில்லை. புது முறையில் ஒரே பிளாஸ்டிக் கிண்ணத் தக்கை, அடியில் வாயுவை அடைக்கும் பாவாடை, நடுவில் மெத்தை, மேலே ரவைக்குக் கிண்ணம்.

பிளாஸ்டிக் தக்கையில் சுட்டால் ரவைக் கூட்டம் சற்று நெருக்கமாக விழும். ஆனால் கரும்புத் தோட்டத்திலும் மேய்ச்சல் நிலத்திலும் அந்தத் தக்கை அப்படியே கிடக்கும், மாடு மெல்லும், நில உரிமையாளர் அடுத்த வருடம் உள்ளே விடமாட்டார். கினிக்கோழிக்குப் போவதானால் நார்த் தக்கைக்கு அச்சிட்ட அளவையே தேடுங்கள். பிளாஸ்டிக் தக்கைக்கு உள்ள அளவில் நார்த் தக்கையை மாற்றிப் போடுவது வேறு தோட்டா. நார் வாயுவைச் சற்றுக் கசிய விடும்.

எந்தத் தக்கையானாலும் மருந்தின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும், இடையில் காற்று நிற்கக் கூடாது. பாவாடை ஓரம் மடங்கி இறங்கினால் வாயு பக்கவாட்டில் கசிந்து தோட்டா "புஸ்" என்று போகும். அப்படிச் சத்தம் கேட்டால் அடுத்த தோட்டாவைத் தொடும் முன் துப்பாக்கியைத் திறந்து, குழல் வழியே வானத்தைப் பாருங்கள். தக்கை உள்ளே நின்றிருக்கலாம்.

12 ஏப்ரல். டோங்காட்

ரவை எண்ணில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்கப் புத்தகத்தின் 6-ஆம் எண் 2.8 மி.மீ., இங்கிலாந்து 6-ஆம் எண் 2.6 மி.மீ., அவுன்ஸுக்குச் சுமார் 270 ரவை. இங்கிலாந்து 7-ஆம் எண் ஏறக்குறைய அமெரிக்க 7½, அவுன்ஸுக்கு 340. எடை மாறாது, கூட்டத்தின் அடர்த்தி மாறும். கினிக்கோழிக்கு இங்கிலாந்துக் கணக்கில் 5 அல்லது 6. பழைய ரவையில் வெள்ளைப் பூச்சு ஏறியிருந்தால் அது ஈய கார்பனேட், நஞ்சு. ஒட்டிக்கொண்டு பாரில் பாலம் கட்டும், தோட்டாவில் பாதி ரவைதான் விழும். புது ரவை வாங்குங்கள். எந்த ரவையானாலும் தொட்ட கையோடு சாப்பிடக் கூடாது.

16 ஏப்ரல். வெருலம்

பிளாஸ்டிக் கூடு, நார்த் தக்கை, புது மருந்து, புது பிரைமர் எல்லாம் ஒரே அட்டவணைப்படி வாங்கியாயிற்று. மருந்து இல்லாமல் ரவையும் தக்கையும் மட்டும் போட்டு மடித்துப் பார்த்தேன். நடுவில் ஓட்டை, மடிப்பு குழிந்து போகிறது. பிரஸ் கோளாறா?

16 ஏப்ரல், இரவு. மாரிட்ஸ்பர்க்

மருந்து இல்லாமல் மடித்ததால் அந்த அளவு உயரம் குறைந்திருக்கிறது, குழி அதனால்தான். மடிப்பைச் சோதிக்க மருந்தின் இடத்துக்கு அதே உயரத்தில் அட்டைத் துண்டு போடுங்கள். ரவை இறங்கியதும் அதற்கு மேல் நிற்கும் கூட்டு உயரத்தை அளந்துகொள்ளுங்கள்: நட்சத்திர மடிப்புக்கு 12 மி.மீ. சுற்று, உங்கள் டிக்சன் கருவியின் சுருட்டு மடிப்புக்கு 6 மி.மீ. சுற்று. அதைவிட அதிகம் நின்றால் குழியும், குறைந்தால் மடிப்பு மூடாது, இரவோடு இரவாகத் திறந்துகொள்ளும்.

உயரம் சரியாக இருந்தும் ஓட்டை வந்தால் மடிப்பு எண்ணைப் பாருங்கள். கூட்டில் பழைய கோடு ஆறா எட்டா? ஆறு மடிப்புக் கூட்டை எட்டு மடிப்புத் தலையில் விட்டால் நடுவில் எப்போதும் ஓட்டைதான். தலையை மாற்றலாம், கழற்றி மாட்டும் பாகம்தான். மடிப்பு சுழல் போல் முறுக்கிக்கொண்டால் கடைசி நிலையம் அளவுக்கு மீறி அழுத்துகிறது, பூட்டுநட்டைத் தளர்த்திக் கால் சுற்று மேலே ஏற்றுங்கள். நன்றாக மடித்த வாய் விளிம்பிலிருந்து ஒன்றரை மி.மீ. உள்ளே இருக்கும்.

சிறு ஓட்டையை மெழுகு சொட்டி மூடலாம் என்று சிலர் சொல்வார்கள். ரவை கொட்டாது என்பது உண்மை. ஆனால் மடிப்பு தளர்ந்திருந்தால் மருந்து சீராக எரியாது, மெழுகு அதைச் சரிசெய்யாது.

17 ஏப்ரல். டோங்காட்

மருந்து போட்டு நிரப்பத் தொடங்கும்போது முதலில் பத்துத் தோட்டாவுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கூட்டிலும் மருந்து விழுந்ததும், தக்கை போடும் முன், டார்ச் அடித்துக் கண்ணால் பாருங்கள். பாரை இரண்டு முறை தள்ளினால் இரட்டை மருந்து, தள்ள மறந்தால் மருந்தே இல்லை. மெக் இதைத் தடுக்காது. நடுவில் யாராவது கூப்பிட்டால் கையிலிருக்கும் கூட்டைக் காலி செய்துவிட்டுப் போங்கள். பெட்டி மூடியில் கூடு, மருந்து, எடை, தக்கை, பிரைமர், ரவை, தேதி எல்லாம் எழுதுங்கள். அந்தப் பத்தைச் சுட்டு, கூடு எளிதில் வெளியே வருகிறதா, பிரைமர் தட்டையாகிப் பிதுங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகு அடுத்த ஐம்பது.